ஆறு கம்பியும் என் இஷ்டத்துக்கு

"விட்டுடுங்க மேடம். கீபோர்டு கத்துக்கோங்க. அதுல இடது கைக்கு அவ்வளவா வேலை இருக்காது" என்றார் கிட்டார் மாஸ்டர்.

கெட்ட மனிதர் இல்லை. வருத்தப்பட்டுத்தான் சொன்னார். ஓசூர் பாகலூர் ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் அவருடைய வகுப்பு. கீழே பப்ஸ் சுடும் வாசனை ஏறி வரும் அந்த அறையில், என் இடது கையைத் தன் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோதிர விரலும் சுண்டுவிரலும் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. நடுவிரல் பாதிதான் மடங்கியது. ஆள்காட்டி விரல் ஒன்றுதான் முழுதாக என் பேச்சைக் கேட்டது.

"ஜி கார்டு பிடிச்சுக் காட்டுங்க" என்றார். மூன்று விரல்கள் ஆளுக்கொரு கம்பியை அழுத்த, பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பதுதான் கார்டு; பிடிக்க முடியவில்லை. "சி?" அதுவும் முடியவில்லை.

"கிட்டாரை அப்படியே வெச்சிடாதீங்க. கம்பியைத் தளர்த்தி வைங்க, இல்லன்னா கழுத்து வளைஞ்சுடும். யாருக்காவது கொடுக்கணும்னா சொல்லுங்க" என்று வாசல் வரை வந்து வழியனுப்பினார். படியிறங்கும்போது எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம் இல்லை. யார் மேல் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி ஓசூருக்கு வந்தவள் நான். இருவருக்கும் வேலை, மாறி மாறி ஷிப்ட், நடுவில் சமையல் என்று வருடங்கள் ஓடியபின், முப்பத்தைந்து வயதுக்கு மேல்தான் கிட்டார் வாங்கினேன். சின்ன வயதுக் கனவு என்றெல்லாம் எதுவும் கிடையாது. கடையில் தொங்கியது, ஒரு கம்பியைத் தொட்டுப் பார்த்தேன், பிடித்துவிட்டது. சொந்தக்காரர்கள் போனில் சிரித்தார்கள். "இந்த வயசுல எதுக்கு?" என்றவர்களிடம் "இந்த வயசுலதான் எந்த வாத்தியாரும் என்னை அடிக்க முடியாது" என்றேன். அந்த மாஸ்டரிடம் இரண்டு வருடம் கற்றுக்கொண்டேன். பிரமாதமாக வாசித்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏழெட்டுப் பாட்டு, தடுமாறாமல் வாசிப்பேன்.

வேலை, சூளகிரி போகிற வழியில் ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில். தகட்டை மெஷினுக்குள் வைத்து, கையை எடுத்து, பெடலை மிதித்தால் மேலிருந்து டை என்கிற இரும்பு அச்சு இறங்கி வெட்டும். வெட்டிய பீஸை எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு அடுத்தது. கை உள்ளே இருந்தால் மெஷின் இறங்கக் கூடாது; அதற்காக முன்பக்கம் சென்சார் இருக்கிறது. அதைக் 'கண்' என்று சொல்வோம். என் மெஷினின் கண் அடிக்கடி காரணமில்லாமல் மெஷினை நிறுத்திக்கொண்டிருந்தது. வேலை தாமதமாகிறது என்று அதைத் துண்டித்துவிட்டார்கள். "சார், கண்ணு இல்லாம ஓட்டச் சொல்றீங்களே" என்று சூப்பர்வைசரிடம் நானே கேட்டேன். "இந்த ஆர்டர் மட்டும் போகட்டும்மா" என்றார். அந்த ஆர்டர் போவதற்குள் ஒரு நாள், நான் பீஸை எடுக்கக் கை விட்டபோது, பெடலைத் தொடாமலே டை இன்னொரு முறை இறங்கியது. கையை இழுத்துவிட்டேன். இரண்டு விரல்கள் மட்டும் ஓரத்தில் மாட்டிக்கொண்டன; நடுவிரலையும் டை உரசிவிட்டுப் போனது.

விரல்களைத் தைத்து ஒட்டிவிட்டார்கள். உயிர் இருக்கிறது, அசைவு இல்லை. கம்பெனி எழுதிய அறிக்கையில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்றிருந்தது.

மாஸ்டர் சொன்னதைக் கேட்டு வந்த மறுநாள் காலை, கணவர் ஷிப்டுக்குப் போனபின், கம்பிகளைத் தளர்த்தி வைத்துவிடலாம் என்று கிட்டாரை மடியில் போட்டுக்கொண்டேன். மேலே இருக்கிற தடித்த கம்பியின் திருகாணியை ஆத்திரத்தோடு திருகினேன். ஒரு திருகு திருகி, கட்டைவிரலால் கம்பிகளை ஒரு முறை இழுத்தேன். அந்தத் தடித்த கம்பி, நாலாவது கம்பியோடு சேர்ந்து ஒரே குரலில் முனகியது. ஒன்று தாடிக்காரர் குரல், ஒன்று பையன் குரல், ஆனால் ஸ்வரம் ஒன்றுதான். இரண்டும் டி.

கை அப்படியே நின்றுவிட்டது.

கீழ்க்கோடியில் இருக்கிற மெல்லிய கம்பியையும் அதே டிக்கு இறக்கினேன். அதற்கு அடுத்ததை இறக்கியபோது அது ஐந்தாவது கம்பியின் ஏ ஸ்வரத்தோடு போய் ஒட்டிக்கொண்டது. இப்போது மறுபடி ஆறு கம்பியையும் இழுத்தேன். கழுத்தில் குறுக்கே வரிவரியாகப் பதித்த ஃபிரெட் எதையும் அழுத்தவில்லை. இடது கை சும்மா தொடையில் கிடக்கிறது. ஆனாலும் ஒரு பெரிய ஓசை எழுந்து, ஹாலைச் சுற்றி வந்தது. அதில் ஏதோ ஒன்று முடியாமல் நின்றது. ஒருவர் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதுபோல. இடைஞ்சல் செய்வது மூன்றாவது கம்பி என்று தெரிந்தது. அதை ஒரு மயிரிழை, ஒரே ஒரு அரை ஸ்வரம், இறக்கினேன். கேள்வி அடங்கியது. ஆறு கம்பியும் சேர்ந்து ஒரு முழு டி மேஜர் கார்டு.

ஆள்காட்டி விரலை ஐந்தாவது ஃபிரெட்டில் குறுக்காகப் படுக்கவைத்தேன். ஜி. ஏழாவதில் படுக்கவைத்தேன். ஏ. எந்த ஜியைப் பிடிக்க முடியவில்லை என்று தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேனோ அதே ஜி, ஒரே விரலில். நான் சத்தமாகவே ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். சந்தோஷத்தில் சொன்னது அது.

ஷிப்ட் முடிந்து கணவர் வந்தபோது நான் இன்னும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். சோறு வைக்கவில்லை. செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்று கேட்டார்.

"என்னத்தா இது? கை சரியாயிருச்சா?"

"கை சரியாகல. கிட்டாரைச் சரி பண்ணிட்டேன்" என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, அடுப்படிக்குப் போய் அரிசியைக் களைந்து போட்டார்.

இதற்குப் பெயர் ஓபன் ட்யூனிங் என்பது பிறகு போனில் தேடியபோதுதான் தெரிந்தது. உலகத்தில் பலரும் பல விதமாகக் கம்பிகளை மாற்றி வைத்து வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்த உற்சாகத்தில் மாஸ்டரிடமே கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போனேன். வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா மேடம், இது ஒரு மாதிரி ஏமாத்து வேலை. ஒரு விரல்ல வாசிக்கிறதெல்லாம் வாசிப்பு ஆகாது. கிரேடு பரீட்சையில ஒத்துக்க மாட்டாங்க."

"கம்பியை இப்படித்தான் முறுக்கணும்னு சட்டமா சார்?"

"சட்டம் இல்ல, முறை."

"அந்த முறைக்கு அஞ்சு விரலும் மடங்கணும். எனக்கு மடங்கலைன்னா நான் முறையை மடக்கிக்கிறேன்" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அதன்பின் அந்த மாடிப்படி ஏறவில்லை.

கம்பெனியில் என்னைப் பிரஸ் ஷாப்பிலிருந்து எடுத்து, பீஸ்களை அளந்து பார்க்கும் இன்ஸ்பெக்ஷன் மேஜையில் போட்டிருந்தார்கள். அங்கே என் எதிரே உட்கார்ந்தவள் பேரிகைக்காரி; ஓசூருக்குப் பக்கத்து ஊர் அது. தோட்டத்தில் தக்காளியும் கோஸும் போடுகிற குடும்பம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், என்னிடம் தமிழ். என்னைவிட இரண்டொரு வயது சின்னவள். பீஸ்களை அளக்கும்போது எப்போதும் எதையாவது முனகிக்கொண்டிருப்பாள். அவர்கள் ஊரில் நாற்று நடும்போது பெண்கள் பாடும் தெலுங்குப் பாட்டுகள். வரிகளை அவ்வப்போது தானே மாற்றிப் போட்டுக்கொள்வாள்; மேஸ்திரியைத் திட்டுகிற வரி எல்லாம் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை வீட்டுக்கு வரவழைத்து, "பாடு, நான் கூட வாசிக்கிறேன்" என்றேன். பாடினாள். நான் டி மேஜரில் கூடவே போனேன். இரண்டாவது அடியிலேயே நிறுத்திவிட்டாள்.

"வேணாங்க்கா. உங்க கிட்டார் ரொம்ப இனிக்குது. எங்க பாட்டு அப்பிடி இனிக்காது."

அவள் சொன்னது சரி. மூன்றாவது கம்பிதான் பாட்டின் மேல் சர்க்கரையைக் கொட்டிக்கொண்டிருந்தது. நான் எதை அரை ஸ்வரம் இறக்கிச் சந்தோஷப்பட்டேனோ, அதைத் திரும்ப ஏற்றினேன். பதிலுக்குக் காத்திருக்கிற அந்தப் பழைய ஓசை வந்தது. "இப்பப் பாடு." பாடினாள். சந்தோஷம் என்றும் சொல்லாமல், துக்கம் என்றும் சொல்லாமல் கம்பிகள் அடியில் ஓடிக்கொண்டிருந்தன. அவள் எங்கே வேண்டுமானாலும் போய்விட்டுத் திரும்ப வரலாம், கார்டு மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. பாட்டு முடிந்ததும் அவள் தன் கைகளைத் தடவிக்கொண்டாள். "புல்லரிக்குதுக்கா" என்றாள்.

ஆனால் அவள் குரல் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும். என் ஒற்றை விரல் படிப்படியாகத்தான் தாவியது. அதற்கும் அவள்தான் வழி செய்தாள். போனில் யாரோ விரலில் கண்ணாடிக் குழாயை மாட்டிக்கொண்டு கம்பியின் மேல் வழுக்கி வாசிக்கும் வீடியோவைக் காட்டினேன். அடுத்த வாரம் தன் வீட்டுக்காரரின் டிராக்டர் டூல் பாக்ஸிலிருந்து, நட்டுக் கழற்றுகிற, குழாய் மாதிரி நீளமான சாக்கெட் ஒன்றைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே கொண்டுவந்தாள். ஆள்காட்டி விரலில் போட்டேன், ஆடியது. மோதிர விரலில் நுழையவில்லை, மூட்டு வீங்கி இருந்தது. சுண்டுவிரலில் போட்டேன். தையல் தழும்பைத் தாண்டி உள்ளே போய்க் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது.

வழுக்கி வாசிக்கிறவர்களுக்கு அந்த விரல் விறைப்பாக நிற்க வேண்டும். மடங்கினால் ஸ்வரம் கெட்டுவிடும். நல்ல விரல் உள்ளவர்கள் அதை நேராக வைத்திருக்கப் பயிற்சி செய்வார்களாம். என் விரல் அந்த வேலையைப் பிரஸ் ஷாப்பிலேயே முடித்துக்கொண்டு வந்திருந்தது.

சுலபமாக வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். சாக்கெட் கனமானது. கொஞ்சம் அழுத்தினால் ஃபிரெட்டில் இடித்து டகடக என்கும். லேசாகத் தொட்டால் கம்பி சீறும். ஃபிரெட்டுக்குப் பின்னால் அல்ல, ஃபிரெட் கம்பிக்கு நேர் மேலே நிறுத்த வேண்டும். கடுகளவு தள்ளினாலும் சுருதி விலகி நாராசம். சாக்கெட்டுக்குப் பின்னால் ஆள்காட்டி விரலைக் கம்பிகளின் மேல் இழைய விட்டால்தான் இரைச்சல் அடங்கும். குளிர்காலக் காலைகளில் மொட்டைமாடியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பழகினேன். குளிரில் தழும்பு குத்தும். கீழ்வீட்டுக்காரர், "பூனை கத்துற மாதிரி இருக்குங்க, சாயந்திரமா வெச்சிக்கக் கூடாதா?" என்று கேட்டார். "சாயந்திரம் எனக்கு ஷிப்ட் சார். பூனைக்கு வேற நேரம் இல்ல" என்றேன்.

பாதுகாப்பு வார விழா வந்தது. எச்.ஆர். ஆபீசர் கூப்பிட்டு அனுப்பினார். சென்னைக்காரர், இளைஞர், எல்லோரிடமும் மரியாதையாகப் பேசுவார். ஒரு தாளை நீட்டினார்.

"அக்கா, விழாவுல நீங்க ரெண்டு நிமிஷம் பேசணும். எல்லாம் எழுதிட்டோம், படிச்சா போதும். உங்களைப் பார்த்து நாலு பேர் ஜாக்கிரதையா இருப்பாங்க."

முதல் வரியே 'என் கவனக்குறைவால்' என்று தொடங்கியது. தாளை அவர் மேஜையிலேயே வைத்தேன்.

"இதை நான் படிக்க மாட்டேன் சார்."

"மாத்தணும்னா ரெண்டு வார்த்தை மாத்திக்கலாம்க்கா."

"கண்ணைப் பிடுங்கி வெச்சது நீங்க, கவனக்குறைவு எனக்கா? அந்த வரி இருந்தா பேச மாட்டேன்."

அவர் முகம் சுருங்கியது. வேறு என்ன செய்யலாம் என்று யோசித்தார். நான் கிட்டார் வாசிப்பது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. "அப்போ வாசிங்களேன். தன்னம்பிக்கைன்னு போட்டுக்கறோம்" என்றார். சரி என்றேன். பேரிகைக்காரியும் பாடுவாள் என்றேன். தலையாட்டினார்.

விழா கேன்டீனில் நடந்தது. சாப்பாட்டு மேஜைகளை ஓரம் தள்ளி, பச்சைத் துணி விரித்து மேடை. எல்லா லைனிலிருந்தும் ஆட்கள் வந்து நின்றார்கள். தொழிற்சாலைக்கே பொறுப்பான பிளான்ட் ஹெட் முன்வரிசையில். அவர் ஆந்திர எல்லையை ஒட்டிய கோலார் பக்கத்துக்காரர். எச்.ஆர். ஆபீசர் மைக்கைப் பிடித்து என்னை அறிமுகம் செய்தார். நல்ல வார்த்தைகளாக அடுக்கிக்கொண்டே வந்தவர், பழக்க தோஷமோ என்னவோ, "ஒரு கண நேரக் கவனக்குறைவால் விரல்களை இழந்தாலும்..." என்றார்.

கிட்டாரோடு எழுந்துபோய் அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினேன். பிடுங்கவில்லை, கை நீட்டினேன், கொடுத்துவிட்டார்.

"கவனக்குறைவு இல்ல. மெஷின்ல சென்சார் வேலை செய்யல. அதை நான் முன்கூட்டியே சொன்னேன். விரலும் எங்கேயும் போகல, இங்கதான் இருக்கு. இப்ப வாசிக்குது, கேளுங்க."

மைக்கைப் பேரிகைக்காரியிடம் நீட்டிவிட்டு உட்கார்ந்து, கட்டைவிரலால் தடித்த கம்பியைத் தட்டினேன். முதல் வழுக்கலே தவறான இடத்தில் போய் நின்றது. பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் நிறுத்தவில்லை, அங்கிருந்தே இழுத்து ஸ்வரத்தில் கொண்டுபோய் வைத்தேன். பேரிகைக்காரி கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினாள்.

முதல் இரண்டு சுற்றும் அவர்கள் ஊர் நடவுப் பாட்டுத்தான். மூன்றாவது சுற்றில், என்னிடம்கூடச் சொல்லாமல், வரியை மாற்றினாள். மெஷினுடைய கண்ணைக் கட்டியவன் யாரடி, என் அக்காவின் கையைக் குற்றம் சொல்கிறவன் யாரடி என்று தெலுங்கில் கேட்டாள். ஓசூரில் காதில் விழுந்தே பழகிய தெலுங்குதான், எனக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெலுங்கு தெரியும். முதலில் அசெம்ப்ளி லைன் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு, பிறகு விசில், பிறகு கைத்தட்டல். அவள் அதே வரியைத் திரும்பப் பாடினாள். அவர்கள் தாளத்தோடு தட்டினார்கள். ஒன்றும் புரியாத எச்.ஆர். ஆபீசரும் முகம் மலர்ந்து தட்டிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் தட்டாமல் இருந்தவர் பிளான்ட் ஹெட் ஒருவர்தான். கோலார்க்காரருக்குத் தெலுங்கு தெரியாமல் இருக்குமா?

மறுநாள் எங்கள் இருவரையும் அவர் அறைக்குக் கூப்பிட்டார். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். கணவரிடம் காலையில் அதைச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். "போனா போகட்டும். ஓசூர்ல வேற கம்பெனியா இல்ல?" என்று அவர் சொல்லியிருந்தார்.

"அந்தக் கடைசி வரி யாரு எழுதினது?" என்று கேட்டார் பிளான்ட் ஹெட்.

"நான்தான் சார். எழுதல, வாயில வந்துச்சு" என்றாள் பேரிகைக்காரி.

"பாட்டுல சொன்னது நிஜமா?" என்று என்னைப் பார்த்தார்.

"நிஜம் சார். இப்பவும் ரெண்டு மெஷின்ல கண்ணு இல்ல. வாங்க, காட்டறேன்."

அவர் வந்தார். நான் முன்னால் நடந்தேன். இரண்டு மெஷினையும் காட்டினேன். அங்கே நின்ற பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, அந்த இரண்டையும் அப்போதே நிறுத்தச் சொன்னார். புது சென்சார் வந்த பிறகுதான் அவை ஓடின. என்னிடம் அவர் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அறிக்கையில் அந்த வார்த்தையை மாற்றவும் இல்லை. மாற்றச் சொல்லி நான் இன்றுவரை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அவர்களும் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அடுத்த பாதுகாப்பு வாரத்துக்கு மேஜிக் ஷோ வைத்தார்கள். எங்களைக் கூப்பிடவில்லை.

வெளியே கூப்பிடுகிறார்கள். போன மாதம் காவேரிப்பட்டணத்தில் கூட வேலை செய்யும் ஒருத்தியின் வீட்டுக் கல்யாண வரவேற்பு. ஆர்கெஸ்ட்ரா இடைவேளையில் நாங்கள் மூன்று பாட்டு வாசித்தோம். இறங்கியதும் ஆர்கெஸ்ட்ராவின் கிட்டார் வாசிப்பவர் ஆசையாக என் கிட்டாரை வாங்கி மடியில் வைத்தார். ஐந்து விரலும் அழகாக மடங்கி சி கார்டைப் பிடித்தன. இழுத்தார். கேட்கச் சகிக்கவில்லை. இன்னொரு கார்டு பிடித்தார், அது அதைவிட மோசம்.

"என்ன மேடம், ட்யூனே இல்லியே? எப்பிடி வாசிச்சீங்க இதுல? இருங்க, சரி பண்ணித் தர்றேன்" என்று திருகாணியில் கை வைத்தார்.

"தொடாதீங்க" என்றேன். "அது சரியாத்தான் இருக்கு."